செல்லின் தோல்: லிப்பிட் சவ்வைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மூன்று நாளாக என் மேசைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதம் வேறு. வேலூர் வெயிலில் வீட்டு ஃபேனே அனலைத்தான் இறைக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கையகல ஃபேன் என்ன செய்யும், கத்தத்தான் செய்யும். மூன்றாம் நாள் காலை டீ டம்ளரோடு வந்த நைனா கேட்டார்: "இன்னாடா இது, ராவும் பகலும் கத்திக்கினே கீது? உள்ள இன்னாதான் ஓடுது?"

"தோல் நைனா" என்றேன். "உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தோல் உண்டு. அது எப்படி அசையுதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் முப்பது வருஷம் டிரம் பக்கத்திலேயே நின்றவரிடம் தோல் என்று சொல்லிவிட்டால், அப்புறம் பேச்சு நம் கையில் இல்லை. பதனிட்ட தோல் அப்படியே காய்ந்தால் கட்டைபோல விறைத்துவிடும் என்பதில் ஆரம்பித்தார். நார்களுக்கு நடுவே எண்ணெய் போக வேண்டும். ஆனால் ஈரத் தோலின் மேல் எண்ணெயை ஊற்றினால் அது உள்ளே இறங்காது. அதனால் தண்ணீரோடு சேரும்படி மாற்றிய எண்ணெயை, அதற்கு 'ஃபேட் லிக்கர்' என்று பெயர், சுடுதண்ணீரில் கலக்குவார்கள். பால்போல வெள்ளையாகிவிடும். டிரம் சுற்றச் சுற்றத் தோல் அதைக் குடித்துவிடும். "எண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஆவாது. நடுவுல ரெண்டு பேருக்கும் சொந்தக்காரன் ஒருத்தன் வேணும்" என்று முடித்தார்.

நான் ஒரு பக்கம் எழுதி விளக்க நினைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த 'ரெண்டு பேருக்கும் சொந்தக்காரன்'தான் லிப்பிட்.

செல் சவ்வில் அதிகம் இருப்பது பாஸ்போலிப்பிட் என்ற வகை. அதற்கு ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட்டும் மின்னூட்டமும் இருப்பதால் அது தண்ணீரோடு ஒட்டி உறவாடும். வால்கள் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளச் சங்கிலிகள், அதாவது எண்ணெய். தண்ணீரில் போட்டால் தாமரை இலைத் தண்ணீர் கதைதான், ஒட்டாது. இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வெறுப்பெல்லாம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகளுக்குத் தங்களுக்குள் கைகோத்துக்கொள்வதில் அவ்வளவு பிடிவாதம். நடுவில் ஒரு எண்ணெய்ச் சங்கிலி வந்து நின்றால், அதைச் சுற்றி வளைந்து கைகோக்க வேண்டியிருக்கிறது. இஷ்டம்போல் திரும்பிக்கொள்ளும் சுதந்திரம் போய்விடுகிறது. அதனால் எண்ணெய் ஓரங்கட்டப்படுகிறது, அவ்வளவுதான்.

தலை தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வால் தண்ணீரில் படக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனையையும் வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான லிப்பிட்கள் என்ன செய்யும்? இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும். மேல் வரிசையின் தலைகள் மேலே, கீழ் வரிசையின் தலைகள் கீழே, வால்கள் எல்லாம் நடுவில் ஒன்றை ஒன்று பார்த்தபடி. இதுதான் இரட்டை அடுக்கு. மொத்தக் கனம் சுமார் 5 நானோமீட்டர். ஒரு நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தை 20,000 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

இது இரண்டு அடுக்குதான் என்று முதலில் சொன்னவர்கள் ஹாலந்து நாட்டின் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர், 1925-ல். இரத்தச் சிவப்பணுக்களில் இருந்து கொழுப்பைப் பிரித்து எடுத்து, தண்ணீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல அது இரண்டு மடங்கு வந்தது. ரசமான சங்கதி பின்னால்தான் தெரிந்தது: அவர்கள் பயன்படுத்திய அசிட்டோன் கொழுப்பை முழுசாகப் பிரித்து எடுக்கவில்லை, சிவப்பணுவின் மேற்பரப்பையும் உண்மையைவிடக் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். ஒரு தப்பு இன்னொரு தப்பை ஈடுகட்ட, விடை மட்டும் சரியாக வந்துவிட்டது. எந்தப் பரீட்சையிலும் எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை.

பாடப்புத்தகப் படத்தில்தான் எனக்குக் கோபம். உருண்டைத் தலை, இரண்டு கோட்டு வால், பரேடுக்கு நிற்கிற போலீஸ்காரர்கள் மாதிரி வரிசை. 'செல் சவ்வு கோட்டை மதில் போன்றது' என்று கீழே ஒரு வரி. எங்கள் ஊர்க் கோட்டையை வைத்தே எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்: மதில்தான் சவ்வு, வாசல்தான் புரதம், அகழிதான் வெளியே இருக்கும் தண்ணீர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோட்டை மதிலில் ஒரு கல் இன்னொரு கல்லோடு இடம் மாற்றிக்கொள்வதில்லை. சவ்வில் ஒரு லிப்பிட் பக்கத்து லிப்பிட்டோடு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. சவ்வு என்பது திரவம். சிங்கர், நிக்கல்சன் இருவரும் 1972-ல் முன்வைத்த மாதிரியின் சாரமே அதுதான்.

மதிலுக்குப் பதில், திருப்பதி போகிற ரயில் தாமதமான நாளில் காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் நகர இடமில்லை போலத் தெரியும். ஆனால் அரை மணி கழித்துப் பார்த்தால் உங்கள் பக்கத்தில் நின்றவர் பத்து ஆள் தள்ளி நிற்பார். எப்படிப் போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அளவையும் அப்படியே பெருக்கிப் பார்க்கலாம். ஒரு லிப்பிட்டின் அகலம் சுமார் 0.8 நானோமீட்டர். அதை நெருக்கி நிற்கிற ஒரு ஆளின் அகலம், அரை மீட்டர், என்று வைத்தால், 8,000 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு இரத்தச் சிவப்பணு 5 கிலோமீட்டர் அகலம் ஆகிவிடும். காட்பாடி ஜங்ஷனில் இருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரைக்கும் ஆட்களே நிற்கிற கூட்டம். ஆனால் அந்தக் கூட்டத்தின் கனம் மூன்று மீட்டர்தான்.

சரி, இதைப் பார்க்க ஏன் கம்ப்யூட்டர்? மைக்ராஸ்கோப் இல்லையா? சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் மங்கல். நம்முடைய சவ்வோ 5 நானோமீட்டர். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சவ்வு இரண்டு கோடாகத் தெரியும், ஆனால் உறைய வைத்தோ உலர்த்தியோதான் பார்க்க வேண்டும். எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் சராசரிக் கனம், சராசரி இடைவெளி எல்லாம் கிடைக்கும். கூட்டத்தின் சராசரியில் இருந்து ஒரு ஆள் எப்படி நழுவிப் போனார் என்பது தெரியாது. ஒவ்வொரு அணுவையும், அது ஓடுகிற வேகத்திலேயே பின்தொடர வேண்டும் என்றால் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கணக்குக்குப் பெயர் மூலக்கூறு இயக்கவியல். உள்ளே இருப்பது பதினோராம் வகுப்பு இயற்பியல்தான். ஒவ்வொரு அணுவும் ஒரு உருண்டை. பிணைப்பில் இருக்கும் இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங். மூன்று அணு சேர்ந்த கோணத்துக்கு ஒரு ஸ்பிரிங். சங்கிலி முறுக்கிக்கொள்வதற்கு ஒரு விதி. பிணைப்பில் இல்லாத அணுக்கள் கொஞ்சம் தள்ளி இருந்தால் லேசாக இழுக்கும், ரொம்ப நெருங்கினால் பலமாகத் தள்ளும். மின்னூட்டம் உள்ளவை கூலும் விதிப்படி நடந்துகொள்ளும். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு, எந்த அணுவுக்கு எவ்வளவு மின்னூட்டம் என்ற எண்கள் எல்லாம் அடங்கிய பட்டியலுக்கு ஃபோர்ஸ் ஃபீல்டு என்று பெயர். இந்தப் பட்டியலைச் செதுக்குவதில் ஆராய்ச்சியாளர்களின் வாழ்நாள்களே போயிருக்கின்றன.

பட்டியல் கையில் இருந்தால் வேலை இப்படிப் போகும். எல்லா அணுவும் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியும். அதை வைத்து ஒவ்வொன்றின் மேலும் என்ன விசை என்று கணக்கிடு. விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். அது நியூட்டன் கொடுத்தது. முடுக்கத்தை வைத்து ஒவ்வொரு அணுவையும் ஒரு பொடித் தூரம் நகர்த்து. இடம் மாறிவிட்டது, அதனால் விசையும் மாறிவிட்டது. மறுபடி கணக்கிடு, மறுபடி நகர்த்து. கம்ப்யூட்டர் ராவும் பகலும் கத்திக்கொண்டு செய்வது இவ்வளவுதான்.

'பொடித் தூரம்' என்றேனே, அங்கேதான் முழு அவஸ்தையும். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு தடவை துடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 10 ஃபெம்டோவிநாடி. ஒரு விநாடியைக் கோடியாக வகுத்து, அந்தத் துண்டை மறுபடி பத்துக் கோடியாக வகுத்தால் வருவது ஒரு ஃபெம்டோவிநாடி. அணுக்களை ஒரு தடவை நகர்த்துவது காலத்தில் ஒரு எட்டு, அதாவது ஓர் அடி எடுத்துவைப்பது. துடிப்பை விடப் பெரிய எட்டு வைத்தால் அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விசை எகிறி, கணக்கு வெடித்துவிடும். நிஜமாகவே இதை 'வெடித்துவிட்டது' என்றுதான் இந்த வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அதனால் ஹைட்ரஜன் பிணைப்புகளின் நீளத்தை மாறாமல் கட்டிப்போட்டு, எட்டுக்கு 2 ஃபெம்டோவிநாடி என்று வைப்பது வழக்கம். ஒரு நானோவிநாடிக்கு 5 லட்சம் எட்டு. ஒரு மைக்ரோவிநாடிக்கு 50 கோடி.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். ஒரு எட்டை ஒரு விநாடி என்று நினைத்துக்கொண்டால், சவ்வின் ஒரு மைக்ரோவிநாடியைப் பார்க்க நாம் கிட்டத்தட்ட 16 வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த வழியில் நிஜமான ஒரு திரவத்தை முதலில் ஓட்டிப் பார்த்தவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். 1964-ல், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில், 864 ஆர்கான் அணுக்கள். (ஆய்வுக்கூடத்துக்கும் வாயுவுக்கும் தமிழில் ஒரே பெயராக அமைந்தது தற்செயல்தான்.) சவ்வுக்கு வர இன்னும் காலம் பிடித்தது. 1982-ல் ஹாலந்தின் குரோனிங்கன் நகரில் வான் டெர் ப்ளூக், பெரண்ட்சன் இருவரும் 32 குட்டிச் சங்கிலிகளை இரண்டு அடுக்காக நிறுத்தி ஓட்டினார்கள். 1993-ல் கிளாவுஸ் ஷுல்டனின் குழு 200 லிப்பிட்களும் தண்ணீருமாக 27,000 அணுக்கள் வரை போனது. இன்றைக்கு என் மேசைக்கு அடியில் கத்துகிற பெட்டியில் ஓடுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

நான் எடுத்துக்கொண்டது டிபிபிசி என்ற லிப்பிட். சவ்வு சிமுலேஷன், அதாவது இப்படிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, பழகுகிறவர்கள் எல்லோருக்கும் அரிச்சுவடி அது. அதன் இரண்டு வாலும் பால்மிட்டிக் அமிலம், அதாவது ரேஷன் கடைப் பாமாயிலில் நிறைய இருக்கும் அதே 16 கார்பன் சங்கிலி. ஒரு டிபிபிசியில் 130 அணுக்கள். மேலே 64, கீழே 64, ஆக 128 லிப்பிட். ஒவ்வொன்றுக்கும் 40 தண்ணீர் மூலக்கூறு. கூட்டினால் சரியாக 32,000 அணு. இத்தனையும் அடங்கும் பெட்டியின் அகலம் ஆறரை நானோமீட்டர்கூட இல்லை.

ஒவ்வொரு அணுவும் மற்ற எல்லா அணுவையும் பார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு எட்டுக்கும் 51 கோடி ஜோடிகள். அது நடக்கிற காரியமா? அதனால் 1.2 நானோமீட்டர் மாதிரி ஒரு எல்லை வைத்து, அதற்குள் இருக்கிற அண்டை வீட்டாரை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். ஜோடிகள் ஒரு கோடி சொச்சத்துக்கு இறங்கிவிடும். ஆனால் மின்விசையை இப்படி வெட்டக்கூடாது. அதன் கை நீளம். ஆரம்ப காலத்தில் வெட்டித்தான் பார்த்தார்கள். சவ்வு இல்லாத ஒழுங்கை எல்லாம் காட்டியது, லிப்பிட்கள் தேவைக்கு மேல் நெருங்கி நின்றன. இப்போது தூரத்து மின்விசையை அலைகளாகப் பிரித்துக் கணக்கிடும் எவால்டு முறையின் வேகமான ஒரு வடிவம் எல்லா மென்பொருளிலும் உண்டு.

இன்னொரு தந்திரம், பெட்டியின் ஓரம். இத்தனை சின்னப் பெட்டிக்குச் சுவர் வைத்தால் பாதி லிப்பிட்கள் சுவரோரத்தில்தான் நிற்கும். செல்லில் சுவர் ஏது? அதனால் வலப்பக்கம் வெளியே போகிற அணு இடப்பக்கம் உள்ளே வந்துவிடும் என்று விதி வைத்துவிடுகிறார்கள். பழைய பாம்பு விளையாட்டை நோக்கியா போனில் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி என் தப்புக்கு வருகிறேன். வெப்பநிலையை 300 கெல்வின் என்று கொடுத்திருந்தேன். 27 டிகிரி செல்சியஸ். வழிகாட்டிக் குறிப்புகளில் பார்த்த புரத சிமுலேஷன்கள் எல்லாம் 300-ல் ஓடின, நானும் அப்படியே எழுதிவிட்டேன். மூன்று நாள், 30 நானோவிநாடி, ஒன்றரைக் கோடி எட்டு. வரைபடம் போட்டுப் பார்த்தால் ஒரு லிப்பிட்டுக்கான பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. பாதி வால்கள் குச்சிபோல நிமிர்ந்து நிற்கின்றன, மீதி தள்ளாடுகின்றன. திரவமும் இல்லை, திடமும் இல்லை.

டிபிபிசி உருகும் வெப்பநிலை 41 டிகிரி. அதற்குக் கீழே வால்கள் நிமிர்ந்து இறுகிக்கொள்ளும். இதை ஜெல் நிலை என்பார்கள். மேலே போனால் தளர்ந்து நெளியும். நான் இறுகுகிற வெப்பநிலையைக் கொடுத்துவிட்டு, திரவச் சவ்வை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். இதில் கிண்டல் என்னவென்றால், கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வெளியே வேலூர் அன்றைக்கு 41 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சிட்டிகை டிபிபிசியைத் தண்ணீரில் கலந்து மொட்டை மாடியில் வைத்திருந்தால், என் சிமுலேஷன் செய்யாததை வெயில் செய்துகாட்டியிருக்கும்.

இந்த உருகலைப் புரிந்துகொள்ளச் சமையலறை போதும். மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. அடுப்பு ஓரமாக வைக்க வேண்டும். அதே அலமாரியில் இருக்கும் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் எந்த மார்கழிக்கும் அசைந்து கொடுக்காது. காரணம் சங்கிலியின் வடிவம். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை. விறகுக் கட்டுப்போல நெருக்கி அடுக்கலாம். மல்லாட்டை எண்ணெயில் நிறைந்திருக்கும் ஒலியிக் அமிலத்தின் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அங்கே ஒரு வளைவு. முழங்கால் மடங்கிய ஆட்களை நெருக்கி நிறுத்த முடியாது. டிபிபிசியின் ஒரு வாலை மட்டும் எடுத்துவிட்டு ஒலியிக் அமிலத்தை வைத்தால் அதன் பெயர் பிஓபிசி. உருகும் வெப்பநிலை 41-ல் இருந்து பூஜ்ஜியத்துக்கும் கீழே விழுந்துவிடுகிறது. ஒரு வளைவுக்கு அவ்வளவு பலம்.

உடம்பு இந்த வித்தையை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது. நம் செல்களின் சவ்வில் நேர் வால், வளைந்த வால் இரண்டும் கலந்தே இருக்கும். நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் பூசியிருக்கும் படலத்திலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் இறுகி நிற்க வேண்டியிருப்பதால், நேர் வால் டிபிபிசியே முக்கியச் சரக்கு. அப்புறம் கொலஸ்ட்ரால். இரத்தப் பரிசோதனைத் தாளில் அந்தப் பெயரைப் பார்த்தாலே பயப்படுகிறோம். நம் செல்களின் சவ்வில் அது இல்லாவிட்டால் செல்லே நிற்காது. விறைப்பான வளையங்கள் கொண்ட தட்டை மூலக்கூறு அது. தளர்ந்து ஆடுகிற வால்களுக்கு நடுவே போனால் அவற்றை நிமிர்த்தும். இறுகி நிற்கிற வால்களுக்கு நடுவே போனால் அடுக்கைக் கலைக்கும். இரண்டு பக்கமும் பேசுகிற ஊர்ப் பெரியவர் மாதிரி.

சரி, திருத்தி 323 கெல்வினில், 50 டிகிரியில், மறுபடி ஓட விட்டேன். வந்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் சோதனை, ஒரு லிப்பிட்டுக்கான பரப்பு. பெட்டியின் நீள அகலத்தைப் பெருக்கி 64-ஆல் வகுத்தால் போதும். 50 டிகிரியில் டிபிபிசிக்கு ஆய்வக அளவீடு சுமார் 0.63 சதுர நானோமீட்டர். ஜெல் நிலையில் 0.48-ஐ ஒட்டி. உங்கள் எண் 0.55-ல் நின்றால் ஃபோர்ஸ் ஃபீல்டிலோ அமைப்பிலோ ஏதோ கோளாறு. அடுத்தது, வாலின் ஒவ்வொரு கார்பனும் எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்ற அளவு. ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியத்தை வைத்து, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு என்ற முறையில் இதை நேரடியாக அளக்கிறார்கள், அதனால் ஒப்பிட்டுவிடலாம். தலைப் பக்கம் ஒழுங்கு அதிகமாகவும், நடுவில் வால் நுனிப் பக்கம் குறைவாகவும் வர வேண்டும். பரப்பு சரியாக வந்து இது தப்பாக வந்தால், கோர்ட்டர்–கிரெண்டல் அதிர்ஷ்டம் உங்களுக்கும் அடித்திருக்கிறது என்று அர்த்தம், கொண்டாட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்றை 2001-ல் மாரிங்க் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்தார்கள். 64 லிப்பிட்களைத் தண்ணீரோடு கன்னாபின்னாவென்று கலந்து பெட்டிக்குள் கொட்டிவிட்டு, கணக்கை ஓடவிட்டார்கள். எந்த விதியிலும் 'அடுக்கு' என்ற சொல்லே கிடையாது, ஸ்பிரிங்கும் மின்னூட்டமும்தான். சில பத்து நானோவிநாடிகளுக்குள் அவை தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொண்டன. நைனாவுக்கு இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "டிரம்முல போட்டு சுத்துனா எங்க போவணுமோ அங்க போயிடும்" என்றார்.

ஒவ்வொரு அணுவாகப் பார்த்தால் பெரிய சவ்வைத் தொடவே முடியாது. ஒரு சதுர மைக்ரோமீட்டர் சவ்வில் சுமார் 50 லட்சம் லிப்பிட் உண்டு. நான் வைத்திருப்பது 128. அதே மாரிங்க் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஹைட்ரஜனை விட்டுவிட்டு, நாலு அணுவுக்கு ஒரு மணி என்று கோத்துவிடுவது. நாலு தண்ணீர் மூலக்கூறும் சேர்ந்து ஒரே மணி. எண்ணிக்கை குறையும், எட்டும் 20 ஃபெம்டோவிநாடிக்கு மேல் வைக்கலாம். இந்த மாதிரிக்கு மார்ட்டினி என்று பெயர், குரோனிங்கனில் இருக்கும் ஒரு கோபுரத்தின் பெயர். 2014-ல் இதை வைத்து 63 வகை லிப்பிட் கலந்த ஒரு செல் சவ்வையே ஓட்டினார்கள். எதுவும் சும்மா கிடைப்பதில்லை, நுணுக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டும். மார்ட்டினியின் முதல் தண்ணீர் மணிகள் அறை வெப்பநிலையை ஒட்டியே பனிக்கட்டியாகிவிடும்! அதைத் தடுக்கத் தண்ணீரில் கொஞ்சம் 'உறைதடுப்பு' மணி கலக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் சிமுலேஷனில் பார்த்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு லிப்பிட் பக்கவாட்டில் நழுவுவது சுலபம். மேல் அடுக்கில் இருந்து கீழ் அடுக்குக்குக் குதிப்பது ரொம்ப அபூர்வம், ஏனென்றால் தண்ணீரை விரும்புகிற தலையை எண்ணெய்க்கு நடுவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகும். ஒரு மணி நேரம் என்றே வையுங்கள். பழைய கணக்குப்படி எட்டுக்கு ஒரு விநாடி என்றால் 5,700 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். அதனால் இம்மாதிரி நிகழ்ச்சிகளுக்குக் காத்திருக்காமல், ஒரு லிப்பிட்டைப் பிடித்து மெல்ல மெல்ல நடுவே இழுத்து, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து, அதில் இருந்து நேரத்தை ஊகிக்கிறார்கள். மருந்து மூலக்கூறு சவ்வைத் தாண்டுமா என்று பார்ப்பதும் இதே வழியில்தான்.

மருந்து என்றதும் எங்கள் ஊருக்கு ஒன்று ஞாபகம் வரும். ஆஸ்பத்திரிக்காகவே நாட்டின் நாலா பக்கமும் இருந்து ஜனங்கள் வருகிற ஊர் இது. 2021-ல் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்துக்கு நாடே அலைந்தது. பூஞ்சையின் சவ்வில் கொலஸ்ட்ரால் இல்லை. அதன் இடத்தில் எர்கோஸ்டெரால் என்ற அதன் பங்காளி இருக்கிறது. இந்த மருந்து எர்கோஸ்டெராலோடு நன்றாக ஒட்டும், கொலஸ்ட்ராலோடு குறைவாக ஒட்டும். அந்தக் குறைவான ஒட்டுதலே சிறுநீரகத்துக்குக் கேடு செய்யப் போதும் என்பதால், மருந்தை லிப்பிட் உருண்டைக்குள் பொதிந்து கொடுக்கிறார்கள். அன்றைக்கு எல்லோரும் தேடியது அந்த உருண்டை வகையைத்தான். இரண்டு ஸ்டெராலுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன வித்தியாசம் எப்படி இவ்வளவு பெரிய வித்தியாசமாகிறது என்பது சவ்வு சிமுலேஷன்காரர்களுக்கு நல்ல தீனி. எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளைச் சுற்றியிருக்கும் லிப்பிட் பொட்டலமும் அப்படியே.

தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய செலவு இல்லை. இந்தக் கணக்கை ஓட்டும் குரோமாக்ஸ் என்ற மென்பொருள் இலவசம்; பெயரின் முதல் பாதி குரோனிங்கன். சவ்வை அடுக்கித் தர சார்ம்-ஜியுஐ என்ற இணையதளம் இருக்கிறது: எந்த லிப்பிட், எத்தனை, எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு, ஓட்டத் தயாராகக் கோப்புகளைக் கொடுத்துவிடும். கண்ணால் பார்க்க விஎம்டி என்ற மென்பொருள். கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் அதன் கிராஃபிக்ஸ் கார்டு என் பெட்டியைவிடப் பத்து மடங்கு வேகமாக, அதற்கு மேலும் ஓட்டும். முதல் தடவையே புரதம், மருந்து என்று இறங்காமல், வெறும் டிபிபிசியை ஓட்டி 0.63 வருகிறதா என்று பாருங்கள். வெப்பநிலையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், வேறென்ன சொல்ல.

இன்னும் ஒன்று, வேலூர்க்காரர்களுக்கு. குரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தன் நிலையை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். கரண்ட் போய்விட்டால் அந்தக் கோப்பைக் காட்டி 'விட்ட இடத்தில் இருந்து தொடங்கு' என்று சொல்லலாம். இது தெரியாமல் போன வருஷம் இரண்டு தடவை முதலில் இருந்து ஓட்டியிருக்கிறேன்.

நேற்று மாலை காற்றோடு மழை. 50 டிகிரி ஓட்டம் 22-வது நானோவிநாடியில் இருக்கும்போது பட்டென்று கரண்ட் போனது. கத்தல் நின்று வீடே அமைதியானது. நைனா டார்ச்சோடு அறைக்கு வந்து, பெட்டியின் மேல் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தினி நானோ போச்சு?"

"பத்துல ஒரு பங்குகூட இருக்காது நைனா."